சொந்த முகத்துக்கு ஒரு குரல் தேர்வு

பணியில் இருந்தவரை என்னிடம் யாரும் அனுபவம் கேட்டதில்லை. கோப்பு எங்கே என்றுதான் கேட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு அனுபவம் இருக்கிற விஷயம் ஊருக்குத் தெரிந்திருக்கிறது. சென்ற மாதம் சில இளைஞர்கள் நடத்திய திரைப்படப் பயிலரங்குக்கு அழைத்திருந்தார்கள். தெற்காசியக் கலைஞர்களுக்குத் திரையிலும் தொலைக்காட்சியிலும் உரிய இடம் கிடைக்கச் செய்வது எப்படி என்பது தலைப்பு. லண்டன் தொடர்களில் நம்மவர்களுக்குக் கடைக்காரர் வேடமும் டாக்ஸி ஓட்டுநர் வேடமும்தான் தருகிறார்கள் என்று ஒருவர் வெகுநேரம் வருந்தினார். நியாயமான வருத்தம். நம்மூர் மலையாள சீரியலில் தமிழனுக்கு நாம் என்ன வேடம் தருகிறோம் என்று கேட்க நினைத்தேன். மதியச் சாப்பாடு இன்னும் வந்திருக்கவில்லை, கேட்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெண் வந்து, "மேடம், உங்க காலத்துல இதுக்கெல்லாம் என்ன ப்ரொசீஜர் இருந்தது?" என்று கேட்டாள். ப்ரொசீஜர் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு வாய் திறந்துவிடும். அவளிடம் நின்றபடியே சொன்னதை இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்து, ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதியவர். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், கல்லூரியில் ஆங்கில இலக்கியம். எம்.ஏ. முடித்ததும் தேர்வெழுதி, புதிய இயக்குநர்கள் படமும் தொலைக்காட்சித் தொடரும் எடுக்க அரசுப் பணத்தில் உதவும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். அதன் பெயர் வேண்டாம். மாதந்தோறும் ஓய்வூதியம் தருகிறவர்களைப் பெயர் சொல்லி அழைப்பது மரியாதையில்லை. தம்பானூரில், பேருந்து நிலைய அறிவிப்புகள் முழுவதும் காதில் விழும் ஒரு மேல்மாடியில் அலுவலகம். முதல் வருடம் தபால் பிரித்தேன். இரண்டாம் வருடம் கோப்பில் குறிப்பு எழுதினேன். அதன் பிறகு என்னைக் கேட்காமல் யாரும் விதிப் புத்தகத்தைத் திறப்பதில்லை என்றாகிவிட்டது. என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான்.

அலுவலகத்தில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. எந்தப் படத்தில் தமிழ் வசனம் வந்தாலும் கோப்புகளுக்கு நடுவிலிருந்து என்னைக் கூப்பிடுவார்கள். "பகவதி மேடம், ஒந்நு திருத்தித் தரணே." திருத்திக் கொடுப்பேன். கையில் கிடைக்கும் தமிழர்கள் பெரும்பாலும் ஒரே வகை: இஸ்திரி போடுகிறவர், பால்காரர், குழந்தையைக் கடத்துகிறவர், கந்துவட்டிக்காரரின் அடியாள். எல்லோர் நெற்றியிலும் பட்டை விபூதி. அடிபடும்போது எல்லோரும் "ஐயோ சாமி" என்றார்கள். இதில் திருத்த என்ன இருக்கிறது? ஒற்றெழுத்தைச் சரிசெய்து திருப்பி அனுப்புவேன்.

ஒருமுறை ஒரு சீரியலில் தமிழ்த் திருடன் வேடத்துக்கு ஆரியசாலையில் மூட்டை சுமக்கும் இசக்கிமுத்து அண்ணனை அழைத்து வந்தார்கள். அப்பாவுக்குத் தெரிந்தவர். கம்பீரமான ஆள். வசனத்தைக் கேட்டு, தன் வீட்டில் பேசுகிற மாதிரி இயல்பாகப் பேசினார். இயக்குநர் கட் சொன்னார்.

"அண்ணாச்சி, தமிழ் போரா. கொறச்சு கூடி தமிழ் வேணும்." தமிழ் போதாதாம், இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டுமாம்.

"இது தமிழுதான சார்? எங்க வீட்ல இப்பிடித்தான் பேசுவோம்."

"அது வீட்டில. இது சீரியலல்லே?"

இசக்கிமுத்து அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி ஆட்டி, கையை விரித்து, யாரும் எந்த ஊரிலும் பேசாத ஒரு தமிழைப் பேசினார். இயக்குநர் கைதட்டினார். கீழே டீ குடிக்கும்போது அண்ணன் சொன்னார்: "எட்டி பகவதி, பொறந்ததுலேருந்து தமிழு பேசுகேன். இன்னைக்குத்தான் பாஸாகியிருக்கேன்."

இனி டப்பிங் பற்றிச் சொல்ல வேண்டும். அது புரியாமல் பின்னால் நடந்தது புரியாது. படப்பிடிப்பில் நடிகர் பேசுவதைப் பதிவு செய்வார்கள். அதற்குப் பைலட் என்று பெயர். காற்று, ஜெனரேட்டர், காக்கை எல்லாம் அதில் இருக்கும். எனவே படம் முடிந்ததும், டப்பிங் தியேட்டரில் காட்சியைச் சிறு சிறு துண்டாக ஓட்டுவார்கள். ஒரு துண்டு ஒரு லூப். ஹெட்போனில் பைலட்டைக் கேட்டுக்கொண்டு, திரையில் உதட்டைப் பார்த்துக்கொண்டு, மைக்கின் முன் நின்று சுத்தமாக மறுபடி பேச வேண்டும். யார் பேசுவது? அங்கேதான் எங்கள் வழக்கம் வருகிறது. கதாநாயகன் தன் குரலில் பேசுவார். கதாநாயகிக்கு ஒரு குரல் கலைஞர் பேசுவார். சிறு வேடக்காரர்களை ஒரே நாளில் வரிசையாக நிறுத்தி அவரவர் குரலையே எடுத்துக்கொள்வார்கள். இரண்டு வரிக்காக யாரும் குரல் கலைஞரை அழைப்பதில்லை. ஆக, சொந்தக் குரலில் பேசும் உரிமை ரொம்ப முக்கியமானவருக்கு உண்டு, முக்கியமே இல்லாதவருக்கும் உண்டு. நடுவில் மாட்டிக்கொண்டவள் கதாநாயகி.

என் கடைசி மேலதிகாரி பரமேஸ்வரன் தம்பி சார். நிறுவனத்தின் செயல் இயக்குநர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அறைக்குள் போனால் முதலில் உட்காரச் சொல்வார், தன் பிளாஸ்கிலிருந்து சீரக வெந்நீர் ஊற்றித் தருவார், நாம் குடித்து முடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். எதற்கும் முடியாது என்று சொன்னதில்லை. "நோக்காம்" என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம். அதை மூன்று விதமாகச் சொல்வார். சட்டென்று சொன்னால் நடக்கும். இழுத்துச் சொன்னால் நடக்காது. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னால், இந்த விஷயத்தோடு இனி இந்தப் பக்கம் வராதே. புதிதாகச் சேர்ந்தவர்கள் மூன்றையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். அவருடைய இன்னொரு கேள்வி, "கீழ்வழக்கம் உண்டோ?" முன்பு யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா என்பது பொருள். உண்டு என்றால் கையெழுத்து. இல்லை என்றால் சீரக வெந்நீர்.

அவர் காலத்தில்தான் லின்சியின் படம் வந்தது. லின்சி முதல் படம் எடுக்க வந்த பெண், நெடுமங்காட்டுக்காரி, மூச்சு விடாமல் பேசுவாள். போனக்காடு மலைத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வேலைக்காக நகரத்துக்கு வந்துவிட்ட ஒரு தமிழ்ப் பெண்ணைப் பற்றிய கதை. தேயிலைத் தோட்டத்துத் தமிழச்சி நகைச்சுவைக்கோ சாவதற்கோ இல்லாமல் கதாநாயகியாக வந்த முதல் கதை, நான் பார்த்த கோப்புகளில். அந்த வேடத்துக்கு லின்சி கண்டுபிடித்த பெண் புஷ்பம். அவளும் போனக்காட்டில் பிறந்தவள்தான். எஸ்டேட் மூடிக் கிடக்க, அம்மா மட்டும் அங்கே லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் இருந்தாள். புஷ்பம் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். தேவாலய நாடகம் தவிர நடிப்பு எதுவும் அறியாதவள். தேர்வு நாளில் லின்சி அவளிடம், ஒன்றும் வாங்காமல் எழுந்து போகும் வாடிக்கையாளரைச் சமாளி என்றாள். புஷ்பம் சிரித்த முகத்தோடு புடவைகளை மடித்தபடி, உதடு அசையாமல் ஒரு வசை சொன்னாள். அறையில் இருந்த எல்லோரும் எழுந்து போன வாடிக்கையாளர் ஆகிவிட்டோம்.

படத்தில் அவள் அம்மாவாக அவளுடைய சொந்த அம்மாவையே லின்சி நடிக்க வைத்தாள். பெயர் ஞானப்பூ. ஒரே ஒரு காட்சி. லயத்தை விட்டு என்னோடு வந்துவிடு என்று மகள் கேட்கிறாள். அம்மா வர மறுக்கிறாள். படத்தின் உயிரே அந்தக் காட்சிதான் என்றாள் லின்சி. இயக்குநர்கள் எல்லோரும் ஒரு காட்சியை அப்படிச் சொல்வார்கள். பார்த்த பிறகு நானும் அதையே சொன்னேன்.

சிக்கல் பைலட்டைக் கேட்டபோது தொடங்கியது. எங்கள் விதிப்படி பாதிக் கட்டத்தில் படத்தை ஒரு கமிட்டி பார்க்க வேண்டும். கமிட்டியில் குரல் ஓங்கியவர் ஒரு விமர்சகர். நாங்கள் மாஷ் என்போம், கல்லூரி ஆசிரியராக இருந்தவர். மலையில் எடுத்த காட்சி முழுக்க ஜெனரேட்டர் இரைச்சல். அதற்கு நடுவில் புஷ்பம் பேசியது பாதிதான் கேட்டது.

"இந்தக் குட்டியின்டே தமிழ் தமிழுமல்ல, மலையாளம் மலையாளமுமல்ல," என்றார் மாஷ். "முகம் கொள்ளாம், நல்ல முகம். சவுண்ட் மாற்றணும். தமிழ் பாகத்துக்கு நல்லொரு தமிழ் ஆர்ட்டிஸ்ட், மலையாளத்துக்கு வேறொரு ஆள்."

லின்சி குதித்தாள். "சார், போனக்காட்டில் அங்ஙனே தன்னே சார் பேசுவாங்க! அவ படிச்சது மலையாள ஸ்கூல், வீட்டில தமிழ். இதுதான் அவ பாஷை."

"அது போனக்காட்டில. தியேட்டரில் இருக்கிறவன் திருவனந்தபுரத்துக்காரன் அல்லே?"

கமிட்டி தீர்மானித்தால் தீர்மானித்ததுதான். வசனத்தைத் தூய தமிழில் திருத்தித் தரும் வேலை வழக்கம்போல என் மேசைக்கு வந்தது. "எம்மா, எத்தர வட்டம் சொல்லியாச்சு, இஞ்ச இனி என்னத்த கெடக்கு?" என்று புஷ்பம் படத்தில் கேட்கிறாள். "அம்மா, எத்தனை முறை சொல்லிவிட்டேன், இங்கே இனி என்ன இருக்கிறது?" என்று எழுதிக் கொடுத்தேன். தமிழில் குறை சொல்ல முடியாது. அந்த வாயில்தான் உட்காரவில்லை.

சென்னையிலிருந்து ஒரு குரல் கலைஞர் வந்து பேசினார். திறமைசாலி, உதட்டுக்கு அரை நொடி பிசகில்லை. அம்மா வேடம் சிறு வேடம் என்பதால் வழக்கப்படி ஞானப்பூவை மலையிலிருந்து இறக்கி, அவள் குரலிலேயே எடுத்தார்கள். பிறகு அந்தக் காட்சியை மட்டும் சேர்த்துச் சோதனையாக ஓட்டினோம். தம்பி சார், மாஷ், லின்சி, ஒலிப்பதிவாளர் சசி, நான். கடைசி வரிசையில் புஷ்பம். கடையில் அனுமதி கேட்டு வந்திருந்தாள். இரண்டு குரலும் சேர்ந்து எப்படி இருக்கும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

திரையில் லயத்து அடுக்களை. புகை. மகள் வாய் திறந்தாள். சென்னைக் குரல், மணி மாதிரி: "அம்மா, எத்தனை முறை சொல்லிவிட்டேன்?" ஞானப்பூவின் பதில், அடித்தொண்டையிலிருந்து: "நீ ஆயிரம் வட்டம் சொல்லு, எனக்கென்ன? நான் இஞ்சேருந்து எளகமாட்டேன்."

மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த அதிகாரியிடம் ஒரு கிழவி சண்டை போடுவதுபோல இருந்தது. சசி இருமுவதுபோல் சிரித்தார். இவர்கள் தாயும் மகளும் என்று நான் சத்தியம் செய்தால்கூட யாரும் நம்பமாட்டார்கள். மாஷ் மட்டும், "இப்போள் க்ளியர் ஆயி" என்றார். பிரச்சினை இருப்பது அம்மாவின் குரலில் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. "அம்மக்கும் ஒரு ஆர்ட்டிஸ்ட்டை விளிக்கலாம்."

விளக்கு போட்டபோது புஷ்பம் என்னிடம் வந்தாள். அழுதிருக்கவில்லை. புடவை விற்கிறவள் முகம் அவ்வளவு எளிதில் காட்டிக்கொடுக்காது.

"நல்ல வாய்ஸ் மேடம்," என்றாள். "என்னை மாதிரி பேசுனா அவ்வளவு மோசமாவா இருக்கு?"

லின்சி வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொச்சியில் தமிழும் மலையாளமும் கலந்த ஒரு வெப் சீரிஸுக்கு ஆள் தேடுகிறார்கள், அவர்கள் இந்தப் படத்தைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள் என்றாள். "சேச்சி, அவங்களுக்கு வேண்டியதே இந்தப் பேச்சுதான். வாடகைக் குரலோட போனா இவ ஒரு முகம். முகம் கொச்சியில் நெறய உண்டு. திரும்பி ஜவுளிக்கடைதான்."

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் போனேன். தம்பி சார் அறை. சீரக வெந்நீர்.

"சார், நடிகையே தனக்கு டப் செய்யட்டும்."

"கீழ்வழக்கம் உண்டோ?"

"கதாநாயகர்கள் எல்லாரும் செய்கிறார்கள் சார்."

"கதாநாயகி?"

"நம் நிறுவனத்தில் இல்லை சார்."

அவர் கண்ணாடியைத் தொட்டார். கழற்றிவிடுவாரோ என்று எனக்கு உயிர் போய் வந்தது. தூக்கி மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

"கமிட்டி சொன்னது எந்தா பகவதி? குரல் கலைஞர் பேசணும். அல்லே?"

"ஆமாம் சார்."

"குரல் கலைஞர்னா யாரு? ரூல் எந்து பறயுந்நு?"

அந்தக் கேள்வியை அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். நான் தம்ளரைக் கீழே வைத்தேன். விதி எனக்கு மனப்பாடம். குரல் தேர்வில் தேறி எங்கள் பட்டியலில் சேர்ந்த எவரும் குரல் கலைஞர். தேர்வுக்கு வயது வரம்பு இல்லை, படிப்பு வரம்பு இல்லை. நடிகை எழுதக்கூடாது என்று ஒரு வரி இல்லை.

"சட்டத்தில் தடை இல்லை சார்," என்றேன்.

"நோக்காம்," என்றார். சட்டென்று.

ஆக, புஷ்பம் தன் முகத்துக்குத் தானே பேச வேண்டுமென்றால் தேர்வெழுதித் தேற வேண்டும். இதைக் கேட்டதும் லின்சி, "இது பைத்தியக்காரத்தனம் சேச்சி!" என்றாள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் முத்திரை குத்திய பைத்தியக்காரத்தனம். பிறகு யாரும் கேள்வி கேட்க முடியாது. அரசு வேலையில் இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது.

எங்கள் குரல் தேர்வு இப்படி நடக்கும். மைக் இருக்கும் அறையில் தேர்வர் மட்டும். நடுவர்கள் வேறு அறையில். அவர்களுக்கு ஒரு திரை, ஒலிபெருக்கி. தேர்வரை அவர்கள் பார்க்க முடியாது, பெயரும் சொல்லப்படாது, எண் மட்டும். சிபாரிசைத் தடுக்க யாரோ ஒரு நல்லவர் வைத்த விதி. நடந்துகொண்டிருக்கும் படத்திலிருந்து ஒரு லூப் கொடுக்க வேண்டும். முதலில் பைலட்டோடு ஓட்டிக் காட்டுவார்கள். அது தேர்வரின் ஹெட்போனில் மட்டும் கேட்கும். பிறகு மூன்று டேக். நடுவர்கள் மூவர்: தம்பி சார், மாஷ், சசி. எண்ணை அறிவித்து, டேக் சொல்வது நடத்துநரான என் பொறுப்பு. அப்போது நடந்துகொண்டிருந்த படம் லின்சியுடையது ஒன்றுதான். தமிழுக்கு இருந்த பெரிய காட்சியும் ஒன்றுதான். நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, விதி தேர்ந்தெடுத்தது. அன்றைக்கு அந்த விதிமேல் எனக்கு வந்த பிரியம் அதற்கு முன் வந்ததில்லை.

விளம்பரம் கொடுத்ததில் வேறு சிலரும் வந்திருந்தார்கள். முதல் எண் ஒரு வானொலி அறிவிப்பாளர் ரகம். நடுவர்கள் நன்றி சொல்லி அனுப்பினார்கள். இரண்டாம் எண் புஷ்பம்.

"நம்பர் இரண்டு. முதல் டேக்."

திரையில் புகை மூடிய அடுக்களை. புஷ்பத்தின் முகம் வாய் திறந்தது. ஒலிபெருக்கியில் வந்த குரல் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா, எத்தனை முறை சொல்லிவிட்டேன்?" சென்னைக் குரல் கலைஞரின் அதே ராகம், ஆனால் மணி இல்லை, மணி போல அடிக்க முயலும் ஒரு தகரம். முன்னே இருந்த தாளில் கமிட்டி ஒப்புக்கொண்ட தமிழ், நான் எழுதியது. அவர்களுக்கு இதுதான் பிடிக்கும் என்று பெண் தீர்மானித்துவிட்டாள். திரையில் உதடு "எத்தர வட்டம்" என்கிறது. குரல் "எத்தனை முறை" என்று பின்னால் ஓடுகிறது. தன் முகத்தோடு தானே ஒத்துப்போகாமல் நின்றாள்.

"லிப் போயி," என்றார் சசி.

இரண்டாவது டேக் அதைவிட மோசம். வேகமாகச் சொல்லிப் பிடிக்கப் பார்த்தாள். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. மாஷ் பேனாவால் மேசையைத் தட்டினார். "அடுத்த ஆளை விளிக்கலாம் அல்லே?"

"மூணு டேக் உண்டு மாஷே," என்றார் தம்பி சார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டு அறைக்கும் நடுவில் கண்ணாடிச் சுவரோ ஜன்னலோ எதுவும் இல்லை; அவள் எப்படி நிற்கிறாள் என்று தெரியாது. அவளிடம் போய்ப் பேச எனக்கு அனுமதி இல்லை. பேசும் பொத்தான் மட்டும் என் விரலுக்கடியில் இருந்தது. நடத்துநர், உதட்டுப் பொருத்தம் பற்றித் தேர்வருக்கு ஒரு பொதுவான அறிவுறுத்தல் தரலாம் என்று விதியில் இருக்கிறது. யாரும் பயன்படுத்தியதில்லை. அழுத்தினேன்.

"நம்பர் இரண்டு. மூணாவது டேக். பேப்பரத் திருப்பிப் போட்டுருங்க. ஸ்கிரீன்ல அந்தப் பொண்ணு வாயி என்ன சொல்லுதோ, ஹெட்போன்ல என்ன கேக்குதோ, அத மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்."

மாஷ் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதொக்கே ஆகலாமா?"

"ஆகலாம் சார்," என்றேன். "லிப் சிங்க் நிர்த்தேசம். ரூலில் உண்டு."

ஒலிபெருக்கியில் தாள் திரும்பும் சத்தம் கேட்டது. லூப் ஓடியது.

"எம்மா, எத்தர வட்டம் சொல்லியாச்சு. இஞ்ச இனி என்னத்த கெடக்கு? கொளுந்து கிள்ள ஆளில்ல, பாக்டரில கரண்டில்ல. யாருக்குக் காவலு இருக்க நீ?"

இடைவெளி. அம்மாவின் பதில் அவள் ஹெட்போனில் மட்டும் ஓடியது. திரையில் ஞானப்பூ வாயசைத்தாள்: காட்டுப்போத்து வருமில்லா, அதுக்குக் காவலு. போத்து என்றால் எருமை. அதைக் கேட்டு மகள் சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பு பாதியில் உடைகிறது, படத்தில் அப்படித்தான். ஒலிபெருக்கியிலும் அப்படியே உடைந்தது. பிறகு அடித்தொண்டையில், கெஞ்சலா வசையா என்று பிரிக்க முடியாமல்: "போத்துக்கு உள்ள வெவரம்கூட ஒனக்கில்லல்லோம்மா."

சசி ஒரு பொத்தானையும் தொடாமல் உட்கார்ந்திருந்தார். மாஷ் பேனாவை வைத்துவிட்டார். கண்ணைத் துடைத்தார் என்று எழுதினால் அழகாக இருக்கும், அவர் துடைக்கவில்லை. ஆனால் குனிந்து, உண்மையான உற்சாகத்தோடு தம்பி சாரிடம் சொன்னார்:

"சாரே, இந்தக் குட்டி ஆரா? இவளை நம்முடே படத்தில் போட்டால் எந்தா? ஆ நடிகைக்கு இத்ர சேருந்ந ஒரு சவுண்ட் வேறே கிட்டில்லா. பைலட்டில் அவள் பறஞ்ஞது ஒந்நும் திரிஞ்ஞில்லா. இதானு சவுண்ட்!"

பைலட்டில் அந்த நடிகை பேசியது ஒன்றும் விளங்கவில்லை, அவளுக்கு இவ்வளவு பொருந்தும் குரல் வேறு கிடைக்காது என்கிறார். நான் தரையைப் பார்த்தேன். சசி எழுந்து வெளியே போனார். வராந்தாவில் அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. தம்பி சார் மட்டும் முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல், "மாஷின்டே சஜஷன்," என்றார். "பகவதி, எழுதிக்கோளூ. நம்பர் இரண்டு பாஸ். மாஷின்டே சஜஷன் அனுசரிச்சு, ஆ நடிகைக்கு நம்பர் இரண்டு டப் செய்யும்."

எழுதினேன். மாஷ் கையெழுத்துப் போட்டார். பெயரை அதற்குப் பிறகுதான் சொல்ல வேண்டும், விதி. சொன்னேன். மாஷ் தாளை வாங்கித் தன் கையெழுத்தை மறுபடி பார்த்தார். பிறகு, அவரைப் பற்றி நான் நினைத்திருந்ததை எல்லாம் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. "எந்நால் ஆ ஜெனரேட்டரை முதலில் பழி சொல்லணும்," என்று சொல்லித் தானும் சிரித்துவிட்டார்.

மைக் அறைக் கதவைத் திறந்தேன். புஷ்பம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், ஹெட்போன் கழுத்தில்.

"மேடம், மூணாவதுல கெட்டுப்போச்சா? எனக்கு அம்மா சத்தம் கேட்டதும் பேப்பருல எழுதுனது எதுவும் ஞாபகம் வரல்ல."

"பாஸ்," என்றேன். "ஒனக்கு நீதான் பேசப்போற."

அவள் எழுந்து, கலைந்த தாவணியைச் சரிசெய்துகொண்டு, போனை எடுத்தாள். ஞானப்பூவைப் பிடிப்பது எளிதில்லை. லயத்துக்கு மேலே ஒரு பாறையில் ஏறினால்தான் அங்கே ரேஞ்ச் கிடைக்கும். முதலில் பக்கத்து வீட்டுக்குப் பேசி, அவர்கள் போய்க் கூப்பிட்டு, அம்மா மூச்சு வாங்க ஏறி வந்து சேரும்வரை லின்சியும் சசியும் நானும் வராந்தாவில் நின்றோம். கீழே நெடுமங்காட்டுப் பேருந்து புறப்படும் அறிவிப்பு.

"எம்மா! கேக்குதா? படத்துல நான் பேசுறது இனி நானேதான்! வேற யாரும் பேசல்ல. சாரெல்லாம் சொல்லியாச்சு!"

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். மலைக்காற்று இரைந்தது. அதைத் தாண்டி ஞானப்பூவின் குரல் வந்தது. சந்தோஷம் எதுவும் இல்லை. இதற்காகவா என்னைப் பாறைமேல் ஏற்றினாய் என்ற எரிச்சல் மட்டும்.

"பின்ன வேற யாருடி பேசுவா ஒனக்கு?"

புஷ்பம் என்னைப் பார்த்தாள். பதில் சொல்ல வேண்டியது நிறுவனம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் போனை வாங்கிக்கொண்டேன்.

"யாரும் இல்லம்மா," என்றேன். "யாரும் இல்ல."